பெயர் ஒன்று, மன்னர் மூவர்

மாமல்லபுரம் மலையின் மேற்குச் சரிவில் ஆதிவராகப் பெருமாள் குகைக்கோயில் இருக்கிறது. அதன் உள்ளே வடசுவரில் ஓர் அரசன் அமர்ந்திருக்கிறான். தலையில் உயர்ந்த மகுடம். வலக்கை மார்புக்கு நேரே எழுந்திருக்கிறது. இருபுறமும் அரசியர் நிற்கிறார்கள். எதிரே தென்சுவரில் இன்னோர் அரசன் நிற்கிறான். அவன் வலக்கை கருவறைப் பக்கம் சுட்டுகிறது. இடக்கையால் அருகிலுள்ள அரசியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறான். அவளுக்குப் பின்னால் மற்றோர் அரசி. உட்கார்ந்திருப்பவனுக்கு மேலே பல்லவ கிரந்த எழுத்தில் 'ஸ்ரீ சிம்ஹவிண்ண போத்ராதிராஜன்' என்றும், நிற்பவனுக்கு மேலே 'ஸ்ரீ மஹேந்த்ர போத்ராதிராஜன்' என்றும் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெயரோடு கிடைத்த மன்னர் உருவங்களில் மிகப் பழையவற்றைச் சொல்லச் சொன்னால் முதலில் இவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

பெயரே எழுதியிருக்கும்போது இவர்கள் யார் என்ற கேள்விக்கு இடம் ஏது என்று தோன்றும். ஆனால் 1926-ல் எச். கிருஷ்ண சாஸ்திரி இந்த இரு சிற்பங்களையும் அதே கோயிலின் ஐந்து பல்லவக் கல்வெட்டுகளையும் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 26-ஆம் ஏடாக வெளியிட்டது முதல், அந்தக் கேள்வி அறிஞர்களை விட்டு நீங்கவில்லை. பல்லவர் குலத்தில் மகேந்திரன் என்ற பெயர் மூவருக்கு உண்டு. அந்த மூவரின் தந்தையர் பெயரிலும் சிங்கம் இருக்கிறது. சிம்மவிஷ்ணுவின் மகன் முதலாம் மகேந்திரவர்மன். மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனின் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மனின் மகன் மூன்றாம் மகேந்திரன். ஒரே பெயர்ச்சோடி 6-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மூன்று முறை வருகிறது. எழுத்து சிதையாமல் இருந்தும் ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால், எழுத்தும் சிதைந்துபோன இடங்களில் என்ன செய்வது? தமிழகத்துச் சிற்ப ஆய்வில் இதைவிடப் பெரிய கேள்விகள் சிலவே உண்டு. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை அடுக்கிப் பார்த்து, எது நிற்கும், எது நிற்காது என்று எடைபோட முயல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மாமல்லபுரத்தில் வராகர் பெயரில் இரண்டு குகைகள் உள்ளன. சுற்றுலா வருபவர்கள் கணேச ரதத்துக்கு அருகில் பார்க்கும் வராக மண்டபம் வேறு. இங்கே பேசுவது இன்றும் வழிபாட்டில் இருக்கும் ஆதிவராகர் கோயிலைப் பற்றி. பூசை நேரம் தவிர அது பெரும்பாலும் பூட்டியிருப்பதால், இந்த அரசர்களை நேரில் பார்த்தவர்கள் குறைவு.

மூன்று சோடிகளில் எதைத் தேர்ந்தாலும் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ராஜசிம்மன் பக்கம் சாய்பவர்களிடம் ஒரு நல்ல சான்று இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில் வளாகத்தில் அரசி ரங்கபதாகை கட்டிய சிறு கோயிலின் கல்வெட்டு, அவளுடைய கணவனை நரசிம்மவிஷ்ணு என்று குறிப்பிடுகிறது. அந்தக் கணவன் ராஜசிம்மன்தான். எனில் சிம்மவிஷ்ணு என்பது நரசிம்மவிஷ்ணுவின் சுருக்கமாக இருக்கலாம். அதே கைலாசநாதர் கோயிலின் முன்னால் மகேந்திரவர்மேசுவரம் என்ற கோயிலை எழுப்பியவன் ராஜசிம்மனின் மகன் மகேந்திரன். தந்தை பெயரும் மகன் பெயரும் பொருந்திவிடுகின்றன. 1962-ல் இரா. நாகசாமி மாமல்லபுரத்தின் கோயில்கள் எல்லாமே ராஜசிம்மன் ஒருவன் படைப்பு என்று எழுதினார். அந்தக் கருத்தை ஏற்றால் இந்தச் சோடி இன்னும் வலுப்பெறும். அவர் கருத்துக்குத் துணை நின்றது 'அத்யந்தகாமன்' என்ற விருதுப்பெயர். தருமராச ரதத்தின் மேல்தளத்தில் 'அத்யந்தகாம பல்லவேசுவர கிருஹம்' என்று இருக்கிறது. கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் அதே பெயர் வருகிறது. காஞ்சியில் ராஜசிம்மனின் விருதுகளிலும் அது உண்டு.

இந்த வழியில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு. பல்லவர்கள் விருதுப்பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டவர்கள். கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனுக்கு மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட விருதுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவு பெரிய பட்டியலில் ஒரு பெயர் இருப்பது, அது அவனுக்கு மட்டுமே உரியது என்று காட்டாது. மேலும் மூன்றாம் மகேந்திரன் அரியணை ஏறி ஆண்டதற்குச் சான்று இல்லை. இளவரசனாகவே மறைந்தான் என்பதுதான் பொதுவான கருத்து. அரசனுக்குரிய போத்ராதிராஜன் என்ற பட்டத்தை இளவரசன் தலைக்கு மேல், அதுவும் ஆளும் தந்தைக்கு நிகராக எதிர்ச்சுவரில், வெட்டியிருப்பார்களா? நம்ப முடியவில்லை.

இரண்டாவது கட்சி மாமல்லனையும் அவன் மகனையும் சொல்லும். குகையின் தூண்கள்தாம் இதற்கு ஊக்கம். தூண் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்கள் முதலாம் மகேந்திரனின் குகைகளில் காணாதவை. மண்டகப்பட்டிலோ வல்லத்திலோ மாமண்டூரிலோ சதுரமும் எட்டுப்பட்டையுமாக எளிய தூண்களே உள்ளன. ஆதிவராகர் குகை அவற்றுக்குப் பிந்தியது என்பதில் ஐயமில்லை. அப்படியானால் சிற்பத்தில் உள்ளவரும் பிந்தியவராகத்தான் இருக்க வேண்டும் என்று இவர்கள் முடிவுகட்டினார்கள். இந்தத் தாவலில்தான் பிழை இருக்கிறது. குகை எப்போது குடையப்பட்டது என்பது ஒரு கேள்வி. உருவத்தில் இருப்பவர் யார் என்பது வேறொரு கேள்வி. பேரன் கட்டிய கோயிலில் பாட்டனின் உருவம் இருக்கக் கூடாதா?

இந்தியாவில் மன்னர் உருவம் வைக்கும் வழக்கமே பெரும்பாலும் முன்னோரை நினைந்து எழுந்தது. பாசன் இயற்றியதாகச் சொல்லப்படும் பிரதிமா நாடகத்தில், ஊருக்குத் திரும்பும் பரதன் வழியில் ஒரு சிலைமண்டபத்துள் நுழைகிறான். காவலன் ஒவ்வோர் உருவத்தையும் யார் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். இறந்தவர்களுக்குத்தான் இங்கே சிலை வைப்பது என்று தெரிந்த கணத்தில், அந்த வரிசையில் தசரதனும் இருப்பதைக் கண்ட பரதன் தந்தை போய்விட்டதை அறிகிறான். அங்கே சிலைகளில் பெயர் இல்லை. பெயர் காவலனின் நினைவில் இருந்தது. காவலன் மறைந்தபின் வருகிறவனுக்கு வெட்டெழுத்து வேண்டியிருக்கிறது. மகாராட்டிரத்தில் ஜுன்னருக்கு அருகே நாணேகாட் கணவாய்க் குகையில் சாதவாகனக் குடும்பமே நின்றிருந்தது. சிமுகன், சதகர்ணி, அரசி நாகனிகை, இளவரசர்கள் என்று சுவரில் பெயர்கள் அப்படியே உள்ளன. உருவங்கள் போய்விட்டன, காலடித் தடயம் மட்டும் மிச்சம். மதுராவில் 1911-ல் மாட் என்ற ஊரில் கிடைத்த கனிஷ்கர் சிலைக்குத் தலையும் கைகளும் இல்லை. அங்கியின் குறுக்கே ஓடும் எழுத்து இல்லையென்றால் அது யாரோ ஒரு குஷாண வீரன். இவையும் முன்னோர் கூடங்கள் என்றே பலரும் கருதுகிறார்கள்.

ஆதிவராகர் குகை சிம்மவிஷ்ணுவுக்குப் பின் இரண்டு தலைமுறை கழித்துக் குடையப்பட்டது என்று வைத்தாலும், பெயர்கள் சொல்லும் நேர்ப்பொருள் கெடுவதில்லை. அந்த நேர்ப்பொருளுக்கு எழுத்திலேயே துணை இருக்கிறது. விஷ்ணு என்னாமல் விண்ண என்று தமிழ்ப்படுத்தி வெட்டியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் கொத்துக்கொத்தாகக் கண்டெடுக்கப்பட்டு வெளியாயின. வட்டெழுத்தில் அமைந்த அக்கற்களில் 'கோவிசைய சிங்கவிண்ண பருமற்கு' என்று ஆட்சியாண்டு தொடங்குகிறது. அடுத்த தலைமுறைக் கற்களில் மகேந்திர பருமன் வருகிறான். மாடு மீட்டு இறந்த வீரனுக்குக் கல் நட்ட ஊர்க்காரர்கள் தங்கள் அரசனை எந்தப் பெயரால் அறிந்திருந்தார்களோ, அதே வடிவம் கடற்கரைக் குகையின் சுவரிலும் இருக்கிறது. மாமல்லனைச் சிங்கவிண்ணன் என்று அழைக்கும் செப்பேடோ கல்வெட்டோ எனக்குத் தெரிந்து இல்லை. என் கணிப்பில் தராசு இங்கே சாய்கிறது.

குகையைக் குடைந்தவன் யார் என்பது அடுத்த பேச்சு. பின்னாளைய சோழர் காலக் கல்வெட்டு இக்கோயிலைப் பரமேசுவர மகாவராக விஷ்ணுகிருஹம் என்கிறது. அதனால் முதலாம் பரமேசுவரவர்மனுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பரமேசுவரன் தன் முன்னோரை நிறுத்த நினைத்திருந்தால், வாதாபியை வென்ற தன் பாட்டன் மாமல்லனை விட்டுவிட்டு அதற்கும் மேலே உள்ள இருவரை மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? மாமல்லன் தொடங்கினான், தன் பாட்டனையும் தந்தையையும் எதிரெதிரே நிறுத்தினான், பரமேசுவரன் காலத்தில் கோயில் முடிந்து அவன் பெயர் பெற்றது என்று கொண்டால் எல்லாச் சான்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இது என் ஊகம். இதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

முதல் இரு சோடிகளையும் மூன்றாவதன் தந்தையையும் நிரல்படுத்தும் ஆவணம் ஒன்று இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் புதுப்பட்டினம். அதற்கும் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வாயலூர். அங்கே ராஜசிம்மனின் தூண் கல்வெட்டு, பிரம்மனில் தொடங்கிப் பல்லவர் குலமுறையை அவன் வரை கொண்டுவருகிறது. சிம்மவிஷ்ணு, மகேந்திரன், நரசிம்மன், மகேந்திரன், பரமேசுவரன், பிறகு நரசிம்மன். பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பல்லவர்களே ஒரே கல்லில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். ஆதிவராகர் குகைப் புதிரை அவிழ்க்க வாயலூர்த் தூண் இன்றியமையாதது.

ஒருவர் உருவத்துக்கு இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொள்ளும் சிக்கல் உலகெங்கும் உண்டு. இதில் நெடுங்காலம் அடிபட்டவர்கள் கிரேக்கச் சிற்ப ஆய்வாளர்கள். ஏதென்சில் வைத்த வெண்கல மூலங்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. மூலம் நின்ற பீடம் ஓரிடத்தில் பெயரோடு கிடைக்கும். அதன் தலையைப் பார்த்து ரோமானியர் செய்த பளிங்குப் படிகள் வேறிடத்தில் பெயரில்லாமல் கிடைக்கும். நாடக ஆசிரியர் மெனாந்தரின் கதை இதுதான். ஏதென்சு தியோனிசசு அரங்கில் அவர் சிலையின் பீடம் இருக்கிறது. செய்தவர்கள் கெபிசோதோதசும் திமார்க்கசும் என்ற கையெழுத்தும் இருக்கிறது. சிலை இல்லை. மறுபுறம், ஒரே முகத்தின் எழுபதுக்கும் மேற்பட்ட படிகள் பெயரின்றி உலக அருங்காட்சியகங்களில் கிடந்தன. அந்த முகம் மெனாந்தரா, ரோமானியக் கவி வெர்ஜிலா என்று கடும் விவாதம் நடந்தது. 1570-ல் புல்வியோ ஒர்சினி அச்சிட்ட நூலில் பெயர் பொறித்த ஒரு வட்டப் பதக்கச் சிற்பத்தின் படம் இருந்தது. அந்தக் கல் பிறகு தொலைந்துபோனது. அந்தப் படத்தை வைத்து 1918-ல் ஆய்வாளர் ஸ்டுட்னிச்கா அது மெனாந்தர் என்று வாதிட்டார், பலர் ஏற்கவில்லை. 1970-களில் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்கு வந்த சிறிய வெண்கலத் தலையின் அடியில் அந்தப் பெயர் தெளிவாக இருந்தது. வழக்கு அத்தோடு பெரும்பாலும் ஓய்ந்தது.

கிரேக்கர்களிடம் இன்னொரு பாடமும் உண்டு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பேச்சாளர் தியோன் கிறிசோஸ்தமர் ரோட்சு தீவு மக்களிடம் ஒரு நீண்ட உரையில் கோபித்துக்கொள்கிறார்: புதிதாக ஒருவரைச் சிறப்பிக்க வேண்டுமென்றால் நீங்கள் புதுச் சிலை வடிப்பதில்லை, பழைய சிலையின் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பெயர் வெட்டுகிறீர்கள் என்று. அங்கே எழுத்து முழுமையாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது, ஆனால் உண்மை சொல்லவில்லை. எனவே பெயர் உருவத்தோடு ஒரே காலத்தில் வெட்டப்பட்டதா என்பதைக் கேட்காமல் அடையாளம் சொல்லக் கூடாது. ஆதிவராகர் குகையிலும் இந்தக் கேள்வி உண்டு. அதே கோயிலின் தரையில், உருத்திரனை நெஞ்சில் வைக்காதவரைச் சபிக்கும் பாடல் வெட்டப்பட்டிருக்கிறது. விஷ்ணு கோயிலில் அது பின்னால் வந்த கை என்றே கருத வேண்டும். ஒருவர் சபிக்க எழுத்தைச் சேர்த்தது போல இன்னொருவர் பெயரையும் சேர்த்திருக்கலாமே என்று ஐயுறுபவரை அலட்சியம் செய்ய முடியாது.

எழுத்து தேறாத இடங்களில் சிலர் முகத்தையும் உடையையும் நம்பினார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லாக்வுட், கிப்ட் சிரோமணி, பி. தயானந்தன் மூவரும் 1974-ல் வெளியிட்ட நூலில், மகுடம், பூணூல், ஆடைக்கட்டு, வாயிற்காவலர் ஆயுதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அவை காலப்போக்கில் எப்படி மாறின என்று வரிசைப்படுத்தினார்கள். மாமல்லபுரம் ஒரே அரசன் படைப்பு என்ற கருத்துக்கு அதிலிருந்து வலுவான எதிர்வாதம் பிறந்தது. தத்துவப் பேராசிரியரும் புள்ளியியலாளரும் தாவரவியலாளரும் ஒன்றாக உட்கார்ந்து சிற்பத்தைப் பார்த்தது நம் ஆய்வுலகில் அரிதான, மிகவும் மதிக்கத்தக்க நிகழ்வு.

லாக்வுட் திருச்சி மலைக்கோட்டையின் மேற்குகைக்கும் போனார். அது முதலாம் மகேந்திரனின் லலிதாங்குர பல்லவேசுவர கிருஹம். அங்கே தூண்களில் உள்ள வடமொழிப் பாடல்களைப் படித்த கல்வெட்டறிஞர் ஹுல்ட்சு, குணபரன் என்ற விருதுடைய அரசன் சிவனை நிறுவியதோடு தன் உருவத்தையும் வைத்தான் என்று பொருள் கொண்டார். 1890-ல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அது இருக்கிறது. ஆனால் குகையில் தனியாக அரசன் சிலை எதுவும் இல்லை. எதிரே இருப்பது கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் பெரும் புடைப்புச் சிற்பம். அந்தச் சிவனின் முகமே மகேந்திரன் முகம், கடவுளும் அரசனும் ஒரே உருவில் என்றார் லாக்வுட். அழகான வாசிப்பு. பாடல் சிலேடையாக நடப்பதால் இடமும் கொடுக்கிறது. என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க மகேந்திரனின் உறுதியான முகம் ஒன்று வேண்டும். நம்மிடம் இருப்பது ஆதிவராகர் குகையில் நிற்பவன் மட்டுமே. அவனே வழக்கில் இருக்கும்போது, அவன் சாட்சியத்தை வைத்து இன்னொரு வழக்கை முடிக்க முடியாது.

தருமராச ரதத்திலும் இதே முட்டுச்சந்து. தரைத்தளத்தில் தெய்வ உருவங்களோடு அரசன் ஒருவனும் நிற்கிறான். நரசிம்மன், புவனபாஜனன், ஸ்ரீமேகன், த்ரைலோக்யவர்த்தனன் என்று விருதுகள் தளத்தைச் சுற்றி ஓடுகின்றன. மாமல்லன் என்று பலரும் எழுதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் இது பெயர்ப்பலகை அன்று. கோயில் முழுவதற்குமான விருதுமாலை. இரண்டையும் ஒரே தரச் சான்றாக எண்ணுவது தவறு.

சிதைந்த எழுத்தின் உண்மையான போர்க்களம் காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில்தான். திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு முழுவதும் அடுக்கடுக்கான சிற்பப் பலகைகளாக ஓடுகிறது. மணற்கல் ஆனதால் அரிப்பு கடுமை. போதாக்குறைக்குச் சுதைப்பூச்சும் சுண்ணாம்பும் மாறி மாறி ஏறியிருக்கின்றன. இரண்டாம் நந்திவர்மன் அரியணை ஏறிய பகுதிக்கு மட்டும் சிற்பங்களோடு விளக்கக் கல்வெட்டு உள்ளது. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்ததும் அதிகாரிகளும் நகரத்தாரும் கடிகையாரும் இரணியவர்ம மகாராசரிடம் போய் அரசனைக் கேட்டது, அவருடைய மூத்த பிள்ளைகள் மறுத்தது, பின்னாளில் நந்திவர்மனான 12 வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்றது எல்லாம் அதில் உண்டு. ஆனால் இடையிடையே வரிகள் உதிர்ந்துவிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் சி. மீனாட்சி இந்தச் சுவருக்குத் தன் உழைப்பைக் கொடுத்தார். கல்வெட்டு உள்ள பலகைகளை நங்கூரமாகக் கொண்டு, கல்வெட்டில்லாத பலகைகளில் முடிசூட்டு விழாக்களையும் போர்களையும் எண்ணி, செப்பேடுகளின் குலமுறையோடு பொருத்தி, ஒவ்வொரு மன்னனையும் அடையாளம் காட்டினார். அவர் நூல் 1941-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இளவயதில் மறைந்துவிட்டார். இன்று போய்ப் பார்ப்பவருக்கு அவர் கண்டதில் ஒரு பங்கு தெரிவதில்லை. அவர் எழுதிவைத்த விவரிப்பே இப்போது ஓர் ஆதாரம்.

சோழர் காலத்தில் இந்தத் தொல்லை குறைகிறது. கோனேரிராசபுரத்தில் இலிங்கத்தை வணங்கும் உருவத்தின் கீழேயே, செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்த கோயில் இது என்றும், வணங்குபவர் கண்டராதித்தர் என்றும் எழுதிவிட்டார்கள். கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தனுக்கும் உருவமும் பெயரும் உண்டு. சோழருக்குப் பின்னாளில் திருமலையில் கிருஷ்ணதேவராயருக்கும் தேவியர் இருவருக்கும் தோளிலேயே பெயர். ஆனால் சோழர் காலத்துத் தஞ்சையில் நிலைமை தலைகீழ். ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் இராசராசனுக்கும் உலகமாதேவிக்கும் செப்புத்திருமேனி எடுப்பித்ததைக் கல்வெட்டு முழமும் விரலுமாக அளவு சொல்லிப் பதிந்திருக்கிறது. 2018-ல் அகமதாபாதிலிருந்து மீட்டுத் தஞ்சைக்குக் கொண்டுவந்த இரு திருமேனிகள் அவைதாம் என்று சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. அரசனின் உயரத்தைக் கல்வெட்டே எழுதிக் கொடுத்திருக்கையில், அளவுகோலை வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பெருமிதம் அதற்குப் பிறகு வரட்டும்.

சிதைந்த பெயரைப் படிப்பவர் மீது எனக்குள்ள ஒரே கோரிக்கை, நிரப்பியதை நிரப்பியது என்று காட்டுங்கள் என்பதே. மைப்படியில் தெரிந்த எழுத்து எது, ஊகித்த எழுத்து எது என்று பதிப்பாசிரியர்கள் கவனமாகவே அடைப்புக்குறி இடுகிறார்கள். அதிலிருந்து எடுத்து எழுதும் வரலாற்று நூல் குறியைக் கழற்றுகிறது. பள்ளிப் பாடமும் வழிகாட்டியும் ஊகத்தையே உண்மையாக்கிவிடுகின்றன. கர்நாடகத்தின் கனகனஹள்ளியில் 1990-களில் 'ராயா அசோகோ' என்று பெயரெழுதிய சிற்பம் கிடைக்கும்வரை, சாஞ்சியில் எந்தப் பலகையில் அசோகர் இருக்கிறார் என்பது ஊகமாகவே இருந்தது. ஊகம் என்று சொல்லி எழுதியவர்களுக்குப் புதுச் சான்று வந்தபோது எதையும் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை.

ஆதிவராகர் குகையில் இன்னும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு பெயர்ச்சாசனங்களின் எழுத்துகளையும், அதே கோயிலில் பத்து அவதாரங்களைப் புத்தரோடு சேர்த்து எண்ணும் பாடலின் எழுத்துகளையும், தரையில் உள்ள சாபப் பாடலின் எழுத்துகளையும், ஒளியைப் பல கோணங்களில் சாய்த்து எடுத்த படங்களில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். மகர வளைவு, ரகரக் கால், உளியின் ஆழம். பெயர்கள் அவதாரப் பாடலின் கையோடு ஒத்துப்போனால் அவை கோயிலோடு பிறந்தவை. சாபத்தின் கையோடு ஒத்துப்போனால் நான் மேலே சொன்ன கணிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பூசைக்கு இடையூறின்றி, கோயிலார் இசைவோடு, ஒரு வார வேலை அது.